லிண்டன் மர நிழலில்

பெர்லின் நகரின் பிரசித்தி பெற்ற ராஜபாட்டைக்கு 'உன்டர் டென் லிண்டன்' என்று பெயர். 'லிண்டன் மரங்களின் கீழே' என்று அர்த்தம். 1647-இல் பிரெடரிக் வில்லியம் என்ற அதிபதி, அரண்மனையிலிருந்து வேட்டைக் காடு வரை மரங்களை நடச் செய்தார். லிண்டன் இலை நம் வெற்றிலையின் வடிவம். ஜூன் மாதம் பூத்தால் தெருவே மணக்கும். பூவை உலர்த்தித் தேநீர் போடுகிறார்கள்.

1930-களில் அடியிலே ரயில் சுரங்கம் தோண்டியபோது பழைய மரங்கள் வெட்டுண்டன. விளக்குக் கம்பங்களே ஓங்கி நின்றன. 'விளக்குகளின் கீழே' என்று ஊரார் பரிகசித்தார்கள்! பிறகு யுத்தமும் வந்து அழித்தது. 1950-களில் மறுபடி கன்றுகள் நட்டார்கள்.

கன்றுக்குக் கோடையில் வேர் நனையத் தண்ணீர் விடவேண்டும். அடிமரத்தில் கிளைக்கும் துளிர்களைக் களைய வேண்டும். கம்பத்தை ஒரே நாளில் நட்டுவிடலாம்; நிழலுக்குக் காத்திருக்கத்தானே வேண்டும்?