நெட் வராது தம்பி

என் வகுப்பில் முதல் நாள் மதியமே இணையத்தை நிறுத்திவிடுவேன். வந்திருப்பவர்கள், ஆப்பிரிக்க நாடுகளில் மருத்துவமனைப் பதிவு, சுகாதாரப் புள்ளிவிவரத் திட்டங்களுக்குப் போகவிருக்கும் பொறியாளர்கள். நல்ல அனுபவம், கை நிறையச் சான்றிதழ். ஆனால் ஒரு சர்வரை நிறுவச் சொன்னால் முதல் கட்டளையே வெளியிலிருந்து எதையோ இறக்கப் பார்த்துத் தொங்கி நிற்கும். "நெட் வரட்டும் சார்" என்பார்கள். வராது. வேண்டியதையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைத்துக்கொண்டு புறப்படும் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பமாகும்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு 2009இல் கடலடிக் கேபிள்கள் வந்து சேரும்வரை கென்யா, தான்சானியா, உகாண்டாவுக்கெல்லாம் செயற்கைக்கோளே கதி. ஒரு கேள்வி 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப அரை நொடியாவது ஆகும். ஒரு திரை திறக்க நாற்பது முறை, ஒன்றன்பின் ஒன்றாக, சர்வரைக் கேட்கும்படி எழுதியிருந்தால் இருபது நொடி போயிற்று. கேபிள் வந்த பிறகும் உள்ளூர்ச் சுகாதார நிலையத்தில் நொண்டியடிக்கும் மொபைல் இணைப்புதான். ஆகவே வகுப்பறை நெட்வொர்க்கில் வேண்டுமென்றே தாமதத்தை ஏற்றி, அவரவர் எழுதிய மென்பொருளை அவரவர் தலையிலேயே கட்டிவிடுவேன்.

அடுத்தது மின்சாரம். சோலார் பேனல் தருவது டிசி, பேட்டரியில் சேர்வதும் டிசி. இன்வெர்ட்டர் அதை ஏசி ஆக்க, அடாப்டர் மறுபடி டிசி ஆக்க, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சூடாகவே வீணாகும். மலாவியில் பாவோபாப் ஹெல்த் குழு தொடுதிரைக் கணினிகளுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே டிசி மின்சாரம் கொடுத்தது. அந்த யோசனை மென்பொருள் மட்டும் படித்தவனுக்கு லேசில் தோன்றாது. என்னிடம் வருபவர்களில் பலர் மல்டிமீட்டரைத் தொட்டதே இல்லை. ஒருமுறை, ஓய்வில் இருந்த லெட்-ஆசிட் பேட்டரி 11.8 வோல்ட் காட்டியது. "கிட்டத்தட்ட பன்னிரண்டு சார், ஓகேதானே?" என்றார் ஒருவர். நிறைந்த பேட்டரி 12.6க்கு மேல் காட்டும்; அவர் பார்த்தது ஏறக்குறையக் காலி.

பயிற்சியின் நடுவே ஒருநாள் நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் பக்கத்தில் உட்கார வைப்பேன். பெரிய நோட்டு, கட்டம் கட்டமாக. மாதக் கடைசியில் கோடு போட்டு எண்ணிக் கூட்டி மேலே அனுப்ப வேண்டும். கணினி வந்தால் சுலபம்தானே என்று பயிற்சிக்கு வந்தவர் ஒருவர் கேட்க, அந்த அம்மா சொன்னார்: "இதுலயும் எழுதி அதுலயும் ஏத்தணும்னா, பிள்ளைக்கு ஊசி யார் தம்பி போடறது?" ஆஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து வளர்த்தெடுக்கப்படும் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள், இன்று ஆப்பிரிக்காவின் பல சுகாதார அமைச்சகங்களில் ஓடுகிறது. ஆனால் நோட்டை எப்போது மூடலாம் என்பதை எந்த மென்பொருளும் முடிவு செய்வதில்லை. அதை அங்குள்ள அதிகாரியோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

எத்தியோப்பியாவுக்குப் போகிறவர்களிடம் தனியாகப் பேசுவேன். அங்கே ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது, ஆகவே மூன்று மணிக்கு வரச் சொன்னால் நம் கடிகாரத்தில் ஒன்பது. குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயருக்குப் பின் அப்பா பெயர். இனிஷியலை விரித்து எழுதப் பாஸ்போர்ட் ஆபீஸில் முழி பிதுங்கிய நம்மாட்களே, 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று படிவம் செய்வதுதான் எனக்கு ஆறாத கோபம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு, ஓபன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருளில் இருப்பதுபோல் 'உத்தேசம்' என்று குறிக்க இடம் வேண்டும்.

கடைசித் தேர்வு இது: நிறுவிய முறையைக் காகிதத்தில் எழுத வேண்டும். சர்வரை அழித்துவிடுவேன். வேறொருவர் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்து மறுபடி எழுப்புவார். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. பெரும்பாலோர் முதல் தடவை தேறுவதில்லை. காகிதத்தைத் திருத்திக்கொண்டு மறுநாள் வரச் சொல்வேன்.