சித்திரையில் இலை உதிரும் ஊர்

தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடம். ஆறு பெரும்பொழுதுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் கீற வேண்டும். என் எட்டு வயது மகன் 'இளவேனில் – சித்திரை, வைகாசி' என்ற வரியில் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அம்மா, இது பிழை. ஏப்ரலில இலையெல்லாம் விழத் தொடங்கிடும்."

"பிழையில்லை, அது ஊர்க் கணக்கு. சும்மா பாடமாக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதே பதிலைத்தான் சின்ன வயதில் எனக்கும் சொன்னார்கள். நானும் பாடமாக்கி, சோதனை எழுதி, மறந்தேன். தமிழ் வேறெங்கோ இருக்கிற ஊரைப் பற்றிப் பேசும் மொழி, ஒக்லண்டில் என் ஜன்னலுக்கு வெளியே இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

இங்கே ஆங்கிலப் படப் புத்தகங்களும் பெரிதாக உதவாது. அவற்றில் இலையுதிர் காலம் என்றால் அணில் கொட்டை சேர்க்கும், முள்ளெலி உறங்கப் போகும். நியூசிலாந்துக் காட்டில் அணிலே இல்லை. இந்த மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி வௌவால் மட்டும்தான். முள்ளெலி வெள்ளையர் கொண்டுவந்து விட்டது. பறவை முட்டைகளைத் தின்பதால் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். இங்கே பருவத்தைச் சொல்வது பறவைகள்தான்.

அதனால் செப்டெம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையில், அம்மம்மாவையும் ஏற்றிக்கொண்டு வைட்டாக்கெரே மலைக்காட்டுக்குப் போனோம். அராட்டாகி பார்வையாளர் நிலையத்தில் காரை விட்டால் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் நடக்கக்கூடிய குறுகிய பாதைகள் உண்டு. பாதை வாசலில் சப்பாத்தைத் தேய்த்து மருந்து தெளித்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். காவுரி மரங்களை வேரோடு கொல்லும் நோய் ஒன்று மண்ணில் ஒட்டிப் பரவுகிறது.

வழியில் ஒரு கோஃபாய் மரம் இலை தெரியாமல் மஞ்சளாகப் பூத்திருந்தது. தொண்டையில் வெள்ளைக் குஞ்சம் கட்டின துயி இரண்டு, தேனுக்குச் சண்டை பிடித்தன.

"கொன்றை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் அம்மம்மா.

காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் கேட்டது. மேலே மேலே ஏறும் விசில், கடைசியில் ஒரு நீண்ட இறக்கம். பீபீஃபராஉரோவா. முதுகு பச்சையாக மினுங்கும் சின்னக் குயில். சொலமன் தீவுப் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, செப்டெம்பர், ஒக்டோபரில் கடல் தாண்டி வருகிறது. அது கூவினால் இங்கே வசந்தம்.

அம்மம்மாவுக்குக் காது மந்தம். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் அவர் காதுக்குக் கிட்டப் போய் அதே மாதிரி விசிலடித்துக் காட்டினான்.

"ஓ, குயிலோ? எங்கட ஊரில வருசம் பிறக்க முதலே கத்தத் தொடங்கிடும். முட்டையைக் காகத்தின்ர கூட்டில போட்டிட்டுப் போயிடும். பாவம் காகம்."

"இதுவும் அப்படித்தான், அம்மம்மா!" இங்கே அடைகாப்பது ரீரோரீரோ என்ற சாம்பல் குருவி. ஆறேழு கிராம்தான் இருக்கும். குயில் குஞ்சு பொரித்ததும் மற்ற முட்டைகளைக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிடும். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் ரீரோரீரோ, குயில் வர முதலே ஒரு தரம் முட்டையிட்டுவிடும் என்று சொன்னேன்.

"அப்ப முதல் பிள்ளையள் தப்பிடும்" என்று அம்மம்மா பெருமூச்சு விட்டார்.

ரீரோரீரோ பாடும்போது நீ எங்கே போனாய் என்று மாவோரி மக்கள் சோம்பேறியைக் கேட்பார்களாம். விதைக்கிற காலத்தைச் சொல்வது அதன் பாட்டு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று அம்மம்மா உடனே சொன்னார். அந்தப் பாட்டு வலுக்கும் ஓகஸ்ட்டும் ஆடி முடிகிற மாதம்தானே!

இலையுதிர் காலத்துக்கும் ஒரு பறவை உண்டு. மார்ச்சில் மானுக்காவ் துறைமுகச் சேற்றுக்கரைகளில் இருந்து குவாக்கா கூட்டங்கள் கிளம்பும். மஞ்சள் கடலில் இளைப்பாறி அலாஸ்கா போய், செப்டெம்பரில் திரும்பும். 2007இல் செய்மதிக் கருவி பொருத்திய ஒரு பெண் பறவை அலாஸ்காவிலிருந்து இங்கே வர எடுத்தது எட்டு நாள். 11,500 கிலோமீட்டருக்கு மேல், எங்கும் இறங்காமல். மாங்கெரே பக்கம் அம்பரி பூங்காவிலிருந்து, கடல் பெருகி வரும் நேரம் பார்த்துப் போனால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அன்றிரவு மகன் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தான். ஒரு பக்கம் 'ஊர்', மறுபக்கம் 'ஒக்லண்ட்'. ஊர் இளவேனிலில் கொன்றையும் கறுப்புக் குயிலும். ஒக்லண்ட் இளவேனிலில் கோஃபாயும் பச்சைக் குயிலும். அதற்குக் கீழே மாதம் எழுத வேண்டும்.

"அம்மம்மா, ஒக்டோபருக்குத் தமிழில என்ன?"

அம்மம்மா விரல் மடித்துச் சித்திரையிலிருந்து எண்ணத் தொடங்கினார். அவனும் கூடவே எண்ணினான். 'புரட்டாசி, ஐப்பசி' என்று எழுதினான். பன்னிரண்டு மாதமும் அவனுக்கு எப்போதோ பாடம். அவற்றில் ஒன்று அவனுக்குத் தேவைப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தரம்.