முன்பாரம்

ஜனவரி 11, 2025, சனி

வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு மாட்டைத் தேடிய கதை இது. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருக்கும் அந்த எஞ்சினியர், போன நவம்பரிலேயே கேம்பர் டிரெய்லரை வாங்கிவிட்டார். இரண்டு கட்டில், ஒரு மேசை, சின்ன அடுப்பு, அதைவிடச் சின்னக் குளியலறை. நல்ல விலைக்கு வந்ததை விட மனம் வரவில்லை. இழுக்கத்தான் வாகனம் இல்லை. வீட்டில் இருப்பவை இரண்டு செடான்கள். டிரெய்லரோ வாடகைக் கொட்டகையில் நின்றபடி மாதாமாதம் பணம் தின்கிறது.

இன்று மனைவி கேட்டார்: "ஏங்க, அது தானா நடந்து வந்துடுமா?"

ராத்திரியே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேவைகளை எழுதினார். ஐ-10 நெடுஞ்சாலையில் அலுவலகத்துக்குப் போக 15 மைல், வர 15 மைல். வாரத்தில் ஐந்து நாள். டிரெய்லரை இழுப்பது வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வார இறுதிகள்தாம். மீதி நாளெல்லாம் வாங்கப்போகும் பிக்கப்பில் அவர் ஒருவர், ஒரு சாப்பாட்டுப் பை, ஒரு லேப்டாப்.

ஜனவரி 12, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரரிடம் பெரிய டிரக் இருக்கிறது. அதில் டிரெய்லரை மாட்டி, நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போனார்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எடையையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருகிறது அந்த மேடை. டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு டிரக்கை மட்டும் மறுபடி ஏற்றி நிறுத்தினால், மற்றதைக் கழித்தல் கணக்கே சொல்லிவிடும். செலவு அதிகமில்லை.

விளம்பரத் தாளில் டிரெய்லரின் எடை 4,700 பவுண்டு. மேடை சொன்னது 5,640. கூடுதல் 940 எங்கிருந்து வந்தது? தண்ணீர்த் தொட்டி 40 காலன். ஒரு காலன் 8.3 பவுண்டு என்றால் அதுவே 332. பிறகு இரண்டு எரிவாயு உருளை, பேட்டரி, நாற்காலிகள், மெத்தை, கருவிப் பெட்டி, கிரைண்டர். ஆம், கிரைண்டர்.

இரண்டாவது எண்தான் முக்கியமானது. டிரெய்லரின் மூக்கு டிரக்கின் பின்னால் எவ்வளவு அழுத்துகிறது? 730 பவுண்டு. மொத்த எடையில் ஏறத்தாழ 13 சதவீதம். இந்த வகை டிரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும்; பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். இங்கே முன்பாரம் கூடினால் டிரக்கின் முன்புறம் எழும்பி ஸ்டியரிங் லேசாகிவிடும், ஹெட்லைட் சாலையை விட்டு மரக்கிளையைக் காட்டும். குறைந்தால் இன்னும் மோசம். 65 மைல் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். டிரக் பேச்சு எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

ஜனவரி 18, சனி

பழைய வண்டிகள் விற்கும் ஒரு பெரிய கடை. விற்பனையாளர் நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது பளபளவென்ற ஒரு ஜோடனை டிரக்கின் முன்னால். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, தானாக இறங்கும் கால்படி, நாலு சக்கர இயக்கம். "பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும் சார். உங்களுடைய ஆறாயிரம் இதற்குத் தூசு."

பத்தாயிரம் என்பது பொய்யில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் இழுவை எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. எஸ்ஏஇ அமைப்பின் ஜே2807 என்ற சோதனை விதி வந்த பிறகுதான் கணக்கு ஒழுங்குக்கு வந்தது. டொயோட்டா டண்ட்ரா 2011 மாடலிலேயே அதை ஏற்றது. அமெரிக்கக் கம்பெனிகள் சில வருடம் தயங்கிவிட்டுப் பின்னால் வந்தன. விதியின் கடுமைக்கு அடையாளம் அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றம். 11 மைலுக்குச் சற்று அதிகம். மூவாயிரம் அடிக்குப் பக்கமாக ஏற வேண்டும். வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் இருக்க, ஏசியை முழுதாக ஓடவிட்டு, முழுப் பாரத்தோடு 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். எஞ்சின், கியர்பெட்டி, ரேடியேட்டர் மூன்றுக்கும் நல்ல பரீட்சைதான்.

ஆனால் அந்தப் பரீட்சையில் டிரக்கின் உள்ளே இருப்பது தலைக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். குழந்தைகள் கிடையாது, ஐஸ் பெட்டி கிடையாது.

எஞ்சினியர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த மஞ்சள் வெள்ளைச் சீட்டைப் படித்தார். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கென்றே அச்சிட்ட சீட்டு அது. 1,290 என்றது. கடையில் நின்றபடியே கணக்குப் போட்டார். குடும்பம் நாலு பேர், 540. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச், 90. முன்பாரம், 730. மொத்தம் 1,360. ஒரு தண்ணீர் பாட்டில்கூட ஏற்றாமலே எழுபது பவுண்டு மிகை.

காரணம் எளிது. வண்டி எடையும் சுமையும் சேர்ந்த உச்ச வரம்பு ஒன்று உண்டு. கண்ணாடிக் கூரை, மின் இருக்கை, கால்படி, முன் அச்சுக்கான இயக்கம் எல்லாம் வண்டியின் சொந்த எடையைக் கூட்டிக்கொண்டே போகும். கூடியதெல்லாம் சுமையிலிருந்துதான் கழியும். விலை ஏற ஏறச் சுமக்கும் தெம்பு குறைகிற விசித்திரப் பிராணி இந்த டிரக். கடைக்காரருக்கு இந்தக் கழித்தல் அவ்வளவாக ரசிக்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

ஹூஸ்டனில் பனி! தெருவெல்லாம் வெள்ளை, அலுவலகம் இல்லை. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு பனி சறுக்கப் போனார்கள். அவர் நோட்டோடு உட்கார்ந்து இரண்டு வகை வண்டிகளை அடித்தார்.

முதலில் நடுத்தர அளவு. 2016 முதல் வந்த டொயோட்டா டகோமாவின் வி6, உச்சமாக 6,800 பவுண்டு இழுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. கதவுச் சீட்டில் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கும். அங்கேயே அடிபட்டுவிட்டது.

அடுத்தது மறுகோடி: முக்கால் டன் டீசல். டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியாது. ஆனால் வெறுமையாக ஓட்டும்போது ஸ்பிரிங் விறைப்பில் முதுகு கணக்குக் கேட்கும். 8,500 பவுண்டு வரம்பைத் தாண்டிய வண்டிகளுக்கு அரசாங்கத்தின் மைலேஜ் சீட்டும் கிடையாது. புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது நன்றாகச் சூடாகி ஓடினால்தான் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். 15 மைல் நெரிசலில் தினமும் ஊர்ந்தால் அடைப்புதான். வருடத்தில் பத்து வார இறுதிக்காக 240 நாள் அவதி வேண்டாம் என்று எழுதிக் கோடு போட்டார்.

பனி நாளின் உபரி வாசிப்பு: போர்டு 1925 ஏப்ரலில் மாடல் டி வண்டியைத் தொட்டி வைத்த பிக்கப்பாக விற்றபோது விலை 281 டாலர். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட, பதிலடியாக அமெரிக்கா இறக்குமதி டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டது 1964இல். கோழிச் சண்டை முடிந்து யுகமாயிற்று, டிரக் வரி போகவே இல்லை. டொயோட்டா டண்ட்ராவை சான் அன்டோனியோவிலேயே செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 25, சனி

தனியாள் விற்கும் ஒரு டிரக். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு குலநோய் உண்டு. "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். போய் பானெட்டில் கையை வைத்தால் சுட்டது. குளிர்ந்த எஞ்சின் முதல் இரண்டு விநாடியில் போடும் சத்தத்தில்தான் அதன் ஜாதகம் இருக்கிறது. சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஜாதகத்தைக் காட்ட விருப்பமில்லை.

கீழே குனிந்து பார்த்தார். பின்பக்கச் சட்டம் மட்டும் துரு தின்றிருந்தது, முன்பக்கம் சுத்தம். கால்வெஸ்டன் பக்கம் உப்புத் தண்ணீரில் படகு இறக்கிய வண்டி. விசாரித்தால், "ஐயோ, இது எதையும் இழுத்ததே இல்லை." ஹிட்ச் உருண்டை மட்டும் பெயிண்ட் போய் வெள்ளித் தட்டாய் மின்னிக்கொண்டிருந்தது.

ஜனவரி 29, புதன்

விலை மிக மலிவாக ஒன்று. 17 எழுத்து வின் எண்ணில் பத்தாவது எழுத்து எச், அதாவது 2017 மாடல். ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்ததும் 2017 ஆகஸ்டில்தான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். அடிநுனியில் ஒரு விரற்கடைக்குச் சேற்றுக் கறை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பிப்ரவரி 1, சனி

ஓய்வுபெற்ற ஒருவருடைய 2018 எஃப்-150, எக்ஸ்எல்டி. நாலு கதவு, ஐந்தரை அடித் தொட்டி, பின் சக்கர இயக்கம் மட்டும், 2.7 லிட்டர் டர்போ வி6, பத்து கியர். துணி இருக்கை. கண்ணாடிக் கூரை இல்லை. கதவுச் சீட்டில் 1,720.

1,720இலிருந்து 1,360 போக மிச்சம் 360. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்தது பெண் பார்க்கப் போனவரின் மகிழ்ச்சி என்று மனைவி பிற்பாடு சொன்னார்.

எஞ்சின் குளிர்ந்திருந்தது, சாவி போட்டதும் சத்தமில்லாமல் எழுந்தது. ஹிட்ச் கம்பெனியில் போட்டதே. ஏழு முள் பிளக்கில் பாசி இல்லை. ஹிட்சின் சீட்டில் இரண்டு கணக்கு: சும்மா மாட்டினால் 5,000 பவுண்டு, எடை பகிரும் ஹிட்சோடு அதைவிட அதிகம். பலரும் படிக்காத சீட்டு அது. இந்த டிரெய்லரின் 5,640க்கு எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் நகரவே கூடாது.

டேப்பை எடுத்தார். நீளம் 231.9 அங்குலம், வீட்டுக் கராஜ் 240. எட்டு அங்குலம் இடைவெளி, அதுவும் சைக்கிள்களைச் சுவரில் மாட்டினால். அலுவலக நிறுத்தக் கட்டடத்தின் கூரை 6 அடி 8 அங்குலம். வண்டி அதற்குள் நுழையும். உயர்த்திக் கட்டிய டிரக்காக இருந்திருந்தால் தினமும் வெயிலில்தான்.

அலுவலகப் பாதையிலேயே ஓட்டிப் பார்த்தார். அரசாங்கச் சீட்டின்படி இந்த எஞ்சினுக்கு நகரத்தில் 20 மைல், நெடுஞ்சாலையில் 26. செடானை மறக்கவைக்காது, அழவும் வைக்காது. தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றினார். டெக்சாஸில் இந்த ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையே கிடையாது. ஹூஸ்டன் வட்டாரத்தில் புகைச் சோதனை மட்டும் பாக்கி. பிரேக்கையும் டயரையும் இனி வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக் பாதி தேய்ந்திருந்தது. டயரில் 2319 என்று முத்திரை: 2019ஆம் வருடம், 23ஆவது வாரம். கட்டை நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு ஆறு வயது நெருங்குகிறது. இரண்டையும் சொல்லி விலையைக் குறைத்து, 25,800 டாலருக்கு முடித்தார்.

பிப்ரவரி 5, புதன்

பதிவு. 6.25 சதவீத வரி, 1,612 டாலர் 50 சென்ட். தனியாளிடம் வாங்கும்போது விலையைக் குறைத்துக் காட்டிப் பயனில்லை. மாநிலம் வைத்திருக்கும் உத்தேச மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த 80க்குத்தான் வரி.

பிப்ரவரி 8, சனி

புது டயர், நீட்டிக் கண்ணாடி, டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி. டெக்சாஸில் 4,500 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். பெட்டியை மாட்டக் கால் மணி நேரம் என்று எழுதியிருந்தது. ஒரு சனிக்கிழமையைத் தின்றது.

மார்ச் 8, சனி

கார்னர் ஸ்டேட் பார்க், பிரியோ ஆற்றங்கரை. சான் அன்டோனியோவைத் தாண்டி மேற்கே, குன்றுகளுக்குள். சமவெளியில் டிரக் பாட்டுக்குப் போயிற்று. எதிர்காற்று அடித்தபோதுதான் புரிந்தது, இழுப்பது எடையை மட்டுமல்ல, ஒரு சுவரையும் சேர்த்து என்று. மைலேஜ் 9.8. 23 காலன் டாங்கி இருந்தும் சான் அன்டோனியோவிலேயே பெட்ரோல் போட வேண்டியதாயிற்று. குன்றில் இழுவை முறையைப் போட்டதும் கியர் தானாக இறங்கி, இறக்கத்தில் எஞ்சினே பிடித்துக்கொண்டது.

கிளம்பும் முன் டிரக்கில் ஏற்றும் ஒவ்வொன்றையும் குளியலறைத் தராசில் எடைபோட்டு எழுதியிருந்தார். நோட்டின் கடைசிப் பக்கம் அப்படியே:

தண்ணீர்த் தொட்டி: காலி, அங்கே போய் நிரப்புவது. ஐஸ் பெட்டி 62. சைக்கிள் நாலு, 110. மடக்கு மேசை 24. தோசைக்கல் 7. கிரைண்டர்: வீட்டில். மாவு அரைத்தே எடுத்துப் போவதாக மனைவி சம்மதம்.