நாலு செகண்ட்

பத்திரிகையில் சேர்ந்த புதிதில், பி.காம். படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக பட்ஜெட், பங்குச்சந்தை, தங்கம் விலை எல்லாம் என் தலையில்தான் விழும். அதிலிருந்து தப்பிக்க, 2003 மே மாதம் நானே கெஞ்சி வாங்கிக்கொண்ட அசைன்மென்ட்... கிளைடர் பயிற்சி. தக்காணத்தில் ஓர் ஊர். ஊர், கிளப், பயிற்சியாளர் எதற்கும் பெயர் வேண்டாம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பயிற்சியாளர் நம்ம ஊர்க்காரர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்ப் பத்திரிகை என்றதும் ஃபில்டர் காபி எல்லாம் போட்டுக் கொடுத்தார். ஆனால், மதியம் காற்று ஏறியதும், கம்பத்தில் விறைத்து நின்ற துணிக்குழாயைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு வேணாம் தம்பி. நாளைக்குக் காலைல பார்ப்போம்” என்றார்.

“எனக்கு ராத்திரி ரயில் சார்.”

கொஞ்ச நேரம் அந்தத் துணிக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, ஒரே ஒரு ரவுண்டு.”

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் வின்ச், கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்க, பட்டம் மாதிரி ஜிவ்வென்று ஏறும். சுமார் ஆயிரம் அடியில் வடத்தைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் காற்றின் சத்தம் மட்டும்தான். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், அந்த நிமிடத்திலிருந்து நம் கையிருப்பு அந்த உயரம் மட்டும்தான்.

சின்ன விமானம் என்றால் இறங்கும்போது சரிப்படவில்லை என்று தோன்றினால், த்ராட்டிலைத் தள்ளி மேலே ஏறி இன்னொரு சுற்று வரலாம். அதற்கும் பக்கக் காற்று என்றால் சங்கடம்தான். செஸ்னா 172-ன் கையேட்டில் 15 நாட் என்று போட்டிருக்கும். மணிக்கு சுமார் 28 கி.மீ. கம்பெனி பைலட் இறக்கிக் காட்டிய அளவு அது. அதற்கு மேல் முடியாது என்று அர்த்தமில்லை. உங்களால் முடியும் என்ற உத்தரவாதமும் இல்லை. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசி வரி மாதிரி!

கிளைடருக்கு ஒரே சான்ஸ். மைதானத்துக்கு இணையாக, காற்று முதுகில் தள்ள, கொஞ்ச தூரம் போக வேண்டும். பிறகு யு டர்ன் மாதிரி திரும்பி, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். பின் ஸீட்டில் இருந்து அவர் விளக்கிக்கொண்டே வந்தார். “காத்து நாப்பது இருக்கு. சாதாரணமா 90 ஸ்பீடுல இறங்குவோம். இன்னிக்குக் காத்துல பாதியைக் கூட்டிக்கணும். 110.”

பலத்த காற்றில் மெதுவாக அல்லவா வர வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை பி.காம். மொழியில் எழுதுகிறேன். மரம், கட்டடம், தரை இவற்றில் உரசி கீழே காற்றின் வேகம் குறைந்துவிடும். மேலே 40 ஆக முகத்தில் அடித்தது, தரைக்குப் பக்கத்தில் 20 ஆகிவிட்டால், இறக்கை மேல் ஓடும் காற்றிலும் அந்த 20 சட்டென்று காணாமல் போகும். கையில் கூடுதல் வேகம் இல்லையென்றால், இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். எதிர்காற்று கொடுப்பது கைமாத்து. தரைக்குக் கிட்டே வந்ததும் திருப்பிக் கேட்கும்.

பிரமாதம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். பாதி பதிலில் அவர் பேச்சு நின்றது.

திரும்பினோம். மைதானம் எங்கோ இருந்தது. முன் ஸீட்டில் இருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பி வேலி, அதற்கு இந்தப் பக்கம் முள்காடு. அவர் ஏர்பிரேக்கைத் தொடவே இல்லை. மூக்கைத் தாழ்த்தி வேகத்தை ஏற்றினார். வேலியைப் பார்த்தே பாய்கிறோம், ஆனால் வேலி கிட்டேயே வரமாட்டேன் என்கிறது. காற்று அப்படிப் பிடித்து வைத்திருந்தது. கடைசியில் வேலி காலுக்கடியில் போனது. தட். நின்றுவிட்டோம்.

நான் பெல்ட்டில் கை வைத்தேன். “அசையாதீங்க!” என்று ஒரு சத்தம். சுமார் 17 மீட்டர் இறக்கை. அடிக்கிற காற்றில் நம் எடையும் சேர்ந்துதான் அதைத் தரையில் வைத்திருக்கிறது. ஆள் இறங்கினால் கவிழ்ந்தாலும் கவிழும். பையன்கள் ஓடிவந்து காற்று வரும் பக்கத்து இறக்கை நுனியைப் பிடித்து, அதன்மேல் ஒரு பழைய டயரை வைத்த பிறகுதான், “இப்ப இறங்குங்க” என்றார்.

‘காற்றை ஜெயித்த கை’ என்று தலைப்பு வைத்தேன். கலரில் இரண்டு பக்கம் வந்தது. பத்து நாள் கழித்து ஆபீஸுக்கு போன்.

“நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா அது சாமர்த்தியம் இல்ல, நான் பண்ணின தப்பு. உங்களுக்குப் பதில் சொல்லிட்டே, திரும்ப வேண்டிய எடத்தைத் தாண்டிட்டேன். நாலு செகண்ட்.”

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90-ல் பறந்தால், முதுகில் 40 சேர்த்து 130. நாலு செகண்டில் 140 மீட்டருக்கு மேல். அதே தூரத்தைத் திரும்பி வரும்போது 110-ல் 40 போக 70. ஏழு செகண்டுக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் கிளைடர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

“என்கிட்ட படிக்கிற பசங்க அந்தப் பக்கத்தை நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கானுங்க. தமிழ் தெரியாது. படிச்சுச் சொல்லுங்க சார்ங்கறானுங்க. நான் என்னன்னு சொல்ல? சின்னதா ஒரு திருத்தம் போட்டுடுங்க தம்பி.”

எடிட்டரிடம் சொன்னேன். “நல்ல ஸ்டோரிய்யா. எதுக்குக் கெடுக்கணும்?” என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ரயில் விஷயத்தை அவர் போனில் சொல்லவே இல்லை. நானும் எழுதியிருக்கவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் தாமதமாக அந்தத் திருத்தம்: அன்று காற்றை யாரும் ஜெயிக்கவில்லை. வேலிக்கு மேலே ஓர் ஆள் உயரம் கூட இல்லாமல் தப்பித்தோம். பயிற்சியாளர் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். நிருபருக்கு ரயில் ராத்திரி ஒன்பதரைக்கு. டிக்கெட்டைக் கேன்சல் செய்திருக்கலாம்.