கிஸ்தியும் கைரேகையும்: சில குறிப்புகள்

1764 அக்டோபர் 15: மதுரைக் கோட்டைக்கு மேற்கே, முற்றுகையிட்ட படையின் முகாமில் யூசுப் கானைத் தூக்கில் போட்டார்கள். 1765 மார்ச் 22: அமெரிக்கக் குடியேற்றங்களில் பத்திரம், செய்தித்தாள், உரிமம் எல்லாவற்றுக்கும் முத்திரை வரி கட்ட வேண்டும் என்ற சட்டத்துக்கு லண்டனில் ஒப்புதல் கிடைத்தது. 1765 ஆகஸ்ட் 12: வங்காளத்தில் வரி தண்டும் உரிமையான திவானியைக் கிழக்கிந்தியக் கம்பெனி முகலாய மன்னரிடம் எழுதி வாங்கியது. பத்து மாதத்துக்குள் மூன்று நிகழ்ச்சிகள். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் எனக்குத் தூரத்து ஊராகத் தெரியவில்லை.

*

யூசுப் கான் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் வளர்ந்தவர். ஊர் வாயில் மருதநாயகம். மதுரையையும் திருநெல்வேலியையும் குத்தகைக்கு எடுத்து, பாளையக்காரர்களிடம் வரி வாங்கி, ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் ஈடுகொடுத்தவர். கடைசியில் அவரே அவர்களை எதிர்த்து நின்றார். 1763-ல் வந்த முதல் முற்றுகையால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு, உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். காளவாசல் பக்கம் சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. சமயநல்லூரிலிருந்து மதுரை டவுனுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றிப் போனால் பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய இடம்.

*

இன்னும் பின்னால் போனால் 1755. கர்னல் ஹெரான், நவாபின் அண்ணன் மாபூஸ் கானோடு தெற்கே வரி தண்ட வந்தார். திருமோகூர் பக்கம் கோவில்குடியில் கோயிலைச் சூறையாடி, சிலைகளை எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேச்சு. படை திரும்புகையில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து அடித்துச் சிலைகளை மீட்டார்கள். ஹெரானைக் கம்பெனியே ராணுவ விசாரணை வைத்து வேலையிலிருந்து நீக்கியது. ஆனால் வரி தண்ட வந்த படை நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது.

*

அமெரிக்கர்கள் முத்திரை வரியை ஒரே ஆண்டில், 1766 மார்ச்சில், திரும்பப் பெறவைத்தார்கள். பிறகு போட்ட வரிகளில் தேயிலை வரி மட்டும் தங்கியது: பவுண்டுக்கு மூன்று பென்னி. 1773-ல் தேயிலைச் சட்டம் வந்ததற்குக் காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது. திவானி வாங்கிய ஐந்தாவது ஆண்டுக்குள் வங்காளத்தில் பெரும் பஞ்சம். மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டார்கள் என்று கம்பெனியின் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே கணித்தார். அப்போதும் வரி வசூல் நிற்கவில்லை. இவ்வளவு பிடுங்கியும் கம்பெனி கடனில் மூழ்கியது. அதைக் காப்பாற்ற அரசாங்கம் 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. கிட்டங்கியில் தேங்கிய தேயிலையை நேரே அமெரிக்காவில் விற்றுக்கொள்ளவும் வழிசெய்தது.

இதனால் அங்கே தேயிலை விலை குறைந்தது. குறைந்த விலைத் தேயிலையைத்தான் 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன்காரர்கள் 342 பெட்டி கடலில் கொட்டினார்கள். வரித் தொகைதான் கலகத்துக்குக் காரணம் என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போட நீ யார் என்பதே அங்கே கேள்வி.

அதே ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரம், ஆசியாவில் கம்பெனி செய்த கொள்ளையையும் பஞ்சச் சாவுகளையும் எடுத்துக் காட்டி, இவர்கள் கை இங்கேயும் நீள்கிறது என்று எச்சரித்தது. வங்காளத்துக் குடியானவனின் சாவு பென்சில்வேனியாவில் ஓர் அரசியல் வாதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பள்ளிப் பாடத்தில் இதை நான் படித்ததில்லை. படித்திருக்க வேண்டும்.

*

தேயிலையைக் கொட்டியவர்கள் சில பத்துப் பேர். தண்டனை பாஸ்டன் முழுவதற்கும். 1774-ல் துறைமுகத்தையே மூடினார்கள். நஷ்டஈடு கட்டும்வரை கப்பல் கிடையாது. குற்றம் செய்தவன் யார் என்று தேடாமல் ஊரையே குற்றவாளியாக்கும் இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மதுரைக்கு மேற்கே, நாகமலைக்கு அந்தப் பக்கம், இது இன்னொரு பெயரில் வரும்.

*

ஒன்றை விடக் கூடாது. அந்தக் குடியேறிகள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அங்கிருந்த பழங்குடிகளின் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள். மேற்கு மலைத்தொடரைத் தாண்டிக் குடியேறக் கூடாது என்று 1763-ல் மன்னர் போட்ட தடையும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. நம் ஊரில் ஆளப்பட்டவர்கள் எழுந்தார்கள். அங்கே எழுந்தவர்கள் குடியேறியவர்கள். அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் வரிச்சீட்டை அனுப்பியவர்கள் ஒரே ஆட்கள்.

*

பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் அவருடைய படை வாஷிங்டனிடம் சரணடைந்தது. 1786-ல் அவரே கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் இறங்கினார். 1793-ல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் அவர் கையால் வந்தது. 1802-ல் அது சென்னை மாகாணத்துக்கும் சட்டமாகி, சிவகங்கையும் ராமநாதபுரமும் ஜமீன்களாயின.

அதற்கு இடையில் நடந்ததுதான் நம் போர். 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களின் கப்பமான பேஷ்குஷை வசூலிக்கும் அதிகாரம் நவாபிடமிருந்து கம்பெனிக்குப் போனது. நிலுவைக் கணக்கோடு கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை அலைக்கழித்தது 1798. கயத்தாற்றில் தூக்கு 1799 அக்டோபர் 16. மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது 1801 ஜூன். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்களுக்கும் தூக்கு. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை உலகமே சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறது. நவாபையும் கம்பெனியையும் ஒருசேரக் கண்டித்து, சாதி பேதமின்றி எல்லாரையும் எழச் சொன்ன மருதுவின் அறிக்கையை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்?

*

முத்திரைத்தாள்: அமெரிக்காவில் ஒரு வருஷம்தான் தாக்குப்பிடித்தது. இந்தியாவில் 1899-ல் போட்ட முத்திரைச் சட்டத்தின்படிதான் இன்றும் கிரயப் பத்திரம் எழுதுகிறோம்.

*

பாளையம் போனது, ஜமீன் வந்தது என்று வரலாற்றுப் புத்தகம் தாண்டிவிடுகிறது. குடியானவனுக்கு வந்தது கிஸ்தி. பழைய வார முறையில் விளைந்ததில் பங்கு. மழை பொய்த்தால் பங்கும் சுருங்கும். அரசே குடியானவனிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரியில் நிலத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று தீர்வை. வானம் பார்த்த புஞ்சைக்கும் கெடு தேதி உண்டு. கெடு வருகிறபோது நெல் கதிரில் இருக்கும், பணம் வட்டிக்காரனிடம் இருக்கும்.

கட்டாதவனை என்ன செய்தார்கள் என்பது அரசாங்கமே அச்சடித்த அறிக்கையில் இருக்கிறது. கசுலு லட்சுமிநரசு செட்டி நடத்திய சென்னை சுதேசி சங்கத்தின் முயற்சியால் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் லண்டனில் பேசினார். அதன் பிறகு அமைத்த சித்திரவதை விசாரணைக் குழு 1855-ல் அறிக்கை கொடுத்தது. கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்த முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். விரல்களைக் கட்டைக்கு நடுவே வைத்து நெரிப்பது கிட்டி. இரண்டு பெயரும் ஆங்கில அறிக்கையில் தமிழிலேயே ஏறியிருக்கின்றன. செய்தவர்கள் கடைநிலை வருவாய்ச் சிப்பந்திகள், நம்மவர்கள். வசூல் குறையக் கூடாது என்று மேலிருந்து வந்த நெருக்கடியை அறிக்கையில் படிக்கிறவருக்கு, அந்தச் சிப்பந்தியோடு கணக்கு முடியவில்லை என்பது புரியும்.

*

நாகமலைக்கு வடக்கே, எங்கள் பக்கம், வைகைப் பாசனம். சோழவந்தான் வரை நஞ்சை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். மலைக்குத் தெற்கிலும் மேற்கிலும் செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி: மானாவாரி. அந்த நாட்டில் பிரமலைக் கள்ளர்களுக்குப் பயிர் ஒரு வருமானம், காவல் இன்னொரு வருமானம். ஊரைக் காப்பது, களவு போனால் மீட்டுக் கொடுப்பது அல்லது ஈடுகட்டுவது, அதற்குக் காவல் கூலி. திருமலை நாயக்கர் காலத்துச் செப்பேடுகள்வரை போகும் உரிமை அது.

கம்பெனி, போலீஸ் என் வேலை என்றது. காவலுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது. பதிலுக்கு நிலமோ தண்ணீரோ வரவில்லை. காவல் கூலி மட்டும் வழக்கத்தில் தொடர்ந்தது. கொடுத்த ஊர்களுக்கு அது பாரமாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1896-ல் திண்டுக்கல் பக்கம் குடியானவர்கள் பண்டு சேர்த்துக் காவலுக்கு எதிராகக் கிளம்பியதில் பல வீடுகள் எரிந்தன. இரு பக்கமும் உழைத்துப் பிழைத்தவர்கள். பழைய ஏற்பாட்டை உடைத்துவிட்டுப் புதிய ஏற்பாடு எதையும் செய்யாமல் போனவர்கள் வேறு ஆட்கள்.

பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. தண்ணீர் மேலூர்ப் பக்கம் போனது, அங்கே கள்ளர் நாடு நெல் விளைத்தது. தண்ணீர் போகாத உசிலம்பட்டிப் பக்கத்துக்கு வந்தது சட்டம். இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

*

குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வட இந்தியாவுக்கு. 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும். ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளி என்று அரசிதழில் அறிவிக்கலாம். அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. 1914-ல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள். நான்கைந்து ஆண்டில் பிரமலைக் கள்ளர் முழுவதும். குறவர் உட்பட வேறு பல சமூகங்களும் இதே வலைக்குள்.

ஆண்கள் பெயரைப் பதிந்து ரேகை உருட்ட வேண்டும். ராத்திரி போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ ஆஜர். வெளியூர் போக ராதாரிச் சீட்டு. கல்யாணமான அன்றைக்கும் மாப்பிள்ளை சாவடியில் படுத்த கதையை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஒரு வழக்கும் இல்லாதவன், கிஸ்தி பாக்கி இல்லாதவன், அவனுக்கும் இதேதான். பாஸ்டன் துறைமுகத்தைப் பூட்டியது ஒரு செயலுக்குத் தண்டனை. இங்கே பிறந்ததற்கே தண்டனை.

*

பெருங்காமநல்லூர், 1920 ஏப்ரல் 3. நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள், ரேகை எதற்கு என்று ஊர் மறுத்தது. சுற்று ஊர்களும் சேர்ந்துகொண்டன. விடியும்போது ஊரைப் போலீஸ் வளைத்திருந்தது. பேச்சு முறிந்தது, கம்பும் கல்லும் ஒரு பக்கம், துப்பாக்கி மறுபக்கம். பதினாறு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர். உடல்களை வண்டியிலேற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்தார்கள் என்பது ஊர் சொல்லும் வரலாறு.

ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெற்கத்தி ஜாலியன்வாலாபாக் என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பட்டம் போதவில்லை. அமிர்தசரஸில் கூடியிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். பெருங்காமநல்லூரில், விரலை மையில் வைக்க மாட்டேன் என்று ஓர் ஊரே தீர்மானித்து, வருவது தெரிந்து, காத்து நின்றது. அது தன் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும். ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது, ஏப்ரல் 3 தோறும் மாலை போடுகிறார்கள்.

*

ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, மதுரையில் தொழில் செய்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிராக நீதிமன்றத்திலும் வெளியிலும் நின்றார். மக்கள் வைத்த பெயர் ரோசாப்பூ துரை. 1938-ல் மதுரையிலேயே இறந்தார். பிற்பாடு முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் எதிர்ப்பைத் திரட்டினார். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947-ல். முதல் அறிவிப்பிலிருந்து முப்பத்துமூன்று ஆண்டு. ஒரு பையன் ரேகை வைக்கத் தொடங்கி, அவன் மகனும் ரேகை வைக்கிற வயதுக்கு வரும் காலம் அது.

*

பெருங்காமநல்லூரில் சுட்ட அதே காலத்தில் கள்ளர் சீரமைப்புத் துறை வந்தது, பள்ளிகள் திறந்தார்கள். அந்தப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். பள்ளி கொடுத்ததற்காகச் சட்டத்தை மன்னிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கூடத்தை ரேகை இல்லாமலேயே கட்டியிருக்கலாம், வாய்க்காலையும் வெட்டியிருக்கலாம். உசிலம்பட்டி வட்டத்து ஊர்கள் 58 கிராமக் கால்வாய்க்காகப் போராடியது சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள்.

*

1979 ஜூலையில் ஓர் அரசாணை, அந்தச் சட்டத்தில் சிக்கியிருந்த சமூகங்களின், அதாவது சீர்மரபினரின், பட்டியலில் "பழங்குடி" என்றிருந்ததைச் "சமூகம்" என்று மாற்றியது. மத்திய அரசின் திட்டங்களுக்குப் பழைய பெயரில் சான்றிதழ் தேவை என்று 68 சமூகத்தினர் நாற்பது ஆண்டு கேட்டார்கள். 2019 மார்ச்சில், மத்திய அரசுக்கு ஒரு பெயரிலும் மாநில அரசுக்கு இன்னொரு பெயரிலும் இரண்டு சான்றிதழ் தரலாம் என்று ஆணை வந்தது. ஒரே சான்றிதழ் கொடுங்கள் என்று அதன் பிறகும் மனு கொடுத்தார்கள், உசிலம்பட்டியில் உண்ணாவிரதம் இருந்தார்கள்.