அழிக்குமுன் சற்றே நில்லுங்கள்

உங்கள் இல்லத்துக் கணினி ஒருநாள் காலையில் கண்திறக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? அவசரப்பட்டு, ‘எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்ல வாயெடுத்தவன் நான். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

என் மடிக்கணினியில் இயங்குவது உபுண்டு. 1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலை அடித்தளமாகக் கொண்டு, விலையின்றிக் கிடைக்கும் இயங்குதளம் அது. அந்தக் கணினிக்குள் காலஞ்சென்ற என் உம்மாவின் குரல் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கதைகளையும் பாடிய தாலாட்டையும் என் மகள் பதிவு செய்து வைத்திருந்தாள். வேறெங்கும் அதற்குப் படியில்லை.

ஓரிரவு, கணினி கேட்ட புதுப்பிப்புக்கு அனுமதி கொடுத்தேன். இடையே தோன்றிய எச்சரிக்கையைப் படிக்காமலே மூடினேன். விடிந்ததும் கருந்திரை! ‘கெர்னல் பேனிக்’ என்ற சொற்களும், வட்டின் மூலப்பகுதியை இணைக்க இயலவில்லை என்ற செய்தியும் நின்றன.

பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றோம். “அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் மாலைக்குள் முடிந்துவிடும்” என்றார் கடைக்காரர். நான் தலையசைக்கப் போனேன். மகள் என் கையைப் பற்றினாள். “வாப்பா, வாப்பும்மாவின் குரல் உள்ளே இருக்கிறதே! வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.”

அன்று மாலை அவள் எனக்கு ஆசிரியையானாள். கணினியை இயக்கியதும் ‘கிரப்’ என்னும் தொடக்க நிரல் எழுகிறது. அது கெர்னலையும், ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சிறு கோப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. வட்டைத் திறக்கும் கருவிகள் அந்தச் சிறு கோப்பில் உள்ளன. அது இல்லாத கெர்னல், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவனைப் போன்றது. வீடும் பொருள்களும் உள்ளே அப்படியே இருக்கின்றன, நுழையத்தான் வழியில்லை.

ஆனால், புதிய கெர்னல் வந்தாலும் உபுண்டு முந்தையதை உடனே நீக்கிவிடுவதில்லை. இத்தகைய நாளுக்காகவே அதை வைத்திருக்கிறது. கணினி தொடங்கும்போது, பழைய வகையானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். புதிய யூஇஎஃப்ஐ வகையானால் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்ட வேண்டும். கிரப் பட்டியல் தோன்றும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் சென்று, முந்தைய கெர்னலைத் தேர்ந்தோம். வழக்கமான திரை மலர்ந்தது!

முதல் வேலையாக உம்மாவின் பதிவுகளைப் பென்டிரைவில் படியெடுத்தோம். பிறகே காரணத்தைத் தேடினோம். வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டி நிறுவியிருந்ததால், தொடக்கக் கோப்புகளுக்கெனச் சிறு பகுதி தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது முழுவதும் நிரம்பிவிட்டது. புதிய கெர்னலுக்குரிய சிறு கோப்பை எழுத இடமில்லை. நான் படிக்காமல் மூடிய எச்சரிக்கை அதைத்தான் சொல்லியிருந்தது.

‘ஆட்டோரிமூவ்’ கட்டளையால் தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கினோம். அவற்றைக் கையால் அழிப்பது ஆபத்து; இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலையே அழித்துவிட நேரலாம். பின்னர் அந்தச் சிறு கோப்பை மீண்டும் உருவாக்கி, கிரப் பட்டியலையும் புதுப்பித்தோம். மறுமுறை இயக்கியபோது புதிய கெர்னலே தடையின்றி எழுந்தது.

பழைய கெர்னலும் எழாமற்போனால்? அப்போதும் கலங்க வேண்டாம். உபுண்டு நிறுவும் பென்டிரைவிலிருந்து, எதையும் நிறுவாமலேயே கணினியை இயக்கலாம். வட்டு பழுதடையாதிருந்தால், கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்து, வேண்டியவற்றைப் படியெடுத்துக் கொள்ளலாம்.

வாசகர்களே! எழ மறுக்கும் கணினி, தன்னுள் இருப்பதை இழந்துவிட்ட கணினி அன்று. இன்று என் உம்மாவின் குரல் மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரல் எத்தனை இடங்களில் இருக்கிறது? அடுத்த புதுப்பிப்புக்கு அனுமதி கொடுக்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.