ஊறின தண்ணீர்

சமரச மையத்துக்குப் புதிதாக வருகிற இளம் வக்கீல்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பேச்சைப் பற்றித்தான். எப்படித் தொடங்குவது, கத்துகிறவரை எப்படி அமர்த்துவது, எந்த நேரத்தில் தொகையைச் சொல்வது. நான் அவர்களை முதலில் நாற்காலி போடச் சொல்வேன். அண்ணனையும் தம்பியையும் எதிரெதிரே உட்கார வைத்தால் வீட்டில் விட்ட சண்டையை மேசையில் தொடர்வார்கள். இருவர் பார்வையும் என் மேல் விழும்படி பக்கவாட்டில் போட்டால் என்னிடம் பேசுவார்கள். கட்சிக்காரர் எனக்குப் பக்கத்தில், அவருடைய வக்கீல் அதற்கு அடுத்து. கோர்ட்டில் பெயர் கூப்பிட்டால் வக்கீல் எழுந்து நிற்பார், கட்சிக்காரர் கதவோரம் எட்டிப் பார்ப்பார். இங்கே அந்த வரிசை மாற வேண்டும்.

வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வழி செய்கிற, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு 2002 ஜூலையில் திருத்த வடிவில் நடைமுறைக்கு வந்தது. 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியது. அது மாவட்டங்களுக்குப் பரவியபோது நாற்பது மணி நேரப் பயிற்சி முடித்து உட்கார்ந்தவன் நான். பாகப்பிரிவினை, வண்டிப்பாதை, வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு என்று எங்கள் கொங்குப் பக்கத்துக் கட்டுகள்தான் அதிகம் வரும். பயிற்சி எனக்குப் படிகளைச் சொல்லிக்கொடுத்தது. வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மூத்த சிவில் வக்கீல். அவரை ஐயா என்றே கூப்பிடுவோம்.

அவர் கையைத்தான் நான் முதலில் கவனித்தேன். கட்சிக்காரர் பேச ஆரம்பித்ததும் பேனாவை மூடி, காகிதத்துக்குக் குறுக்கே வைத்துவிடுவார். இரண்டு உள்ளங்கையும் மேசை மேல் கிடக்கும். ஒருவர் இருபது நிமிடம் பேசினாலும் அந்தக் கை அசையாது. "எழுதுனா, எதை எழுதறீங்கன்னு பார்த்து அதையே திரும்பச் சொல்லுவாங்க தம்பி. எழுதாம கேட்டா, சொல்ல வந்ததைச் சொல்லுவாங்க" என்பார். அந்தக் கை எனக்கு வர ஆறேழு வருடம் ஆனது. இப்போதும் சில நாள் விரல் பேனாவைத் தேடுகிறது.

நான் செய்த பெரிய பிழைகளில் ஒன்று கிணற்று வழக்கு. அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கு இரண்டரை ஏக்கர், பொதுவில் ஒரு திறந்தவெளிக் கிணறு, அப்பா பெயரில் ஒரே கரண்டு சர்வீஸ். பத்து வருட வழக்கு. இரண்டே அமர்வில் முடித்தேன். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அண்ணன் முறை, பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை தம்பி முறை. ஆளுக்கு ஆறு மணி நேரம். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், கோர்ட்டும் அதன்படி தீர்ப்பாணை கொடுத்தது. அன்று எனக்கு இருந்த பெருமிதம் கொஞ்சமல்ல.

சித்திரையில் தம்பி திரும்ப வந்து நின்றார். "ஏனுங்க வக்கீலய்யா, நேரம் சமந்தானுங்க. தண்ணி சமமில்லீங்களே."

ஐயா என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று. "கிணத்தை எட்டிப் பார்த்தியா தம்பி?"

நான் பார்த்தது பிராதும் புலப்படமும் வில்லங்கச் சான்றும்தான். இரு தரப்பின் சம்மதத்தோடு போய்ப் பார்த்தோம். பாறைக் கிணறு. கோடையில் ராத்திரி முழுக்க ஊறி நிற்கிற தண்ணீர்தான் அதன் சொத்து. காலையில் மோட்டார் போடுகிற அண்ணன் ஊறின தண்ணீரை அள்ளிவிடுவார். மதியம் தம்பி போடும்போது அடியில் ஊற்று மட்டும் கசியும். ஒரு மணி நேரத்தில் மோட்டார் காற்றை இழுக்கும். போதாததற்கு மூன்று முனை மின்சாரம் வருகிற நேரமும் அவ்வப்போது மாறும். தம்பியின் ஆறு மணி நேரத்தில் கரண்டும் முழுசாக இல்லை. கடிகாரத்தை இரண்டாகப் பிரித்துவிட்டுத் தண்ணீரைப் பிரித்ததாக நினைத்திருக்கிறேன்.

அங்கேயே களத்து மேட்டில் உட்கார்ந்தோம். ஐயா யோசனை எதுவும் சொல்லவில்லை. பங்காளிகளுக்குள் பழைய வழக்கம் ஒன்று உண்டே, மூத்தவர் பங்கு வைக்க இளையவர் எடுப்பது, அதை மட்டும் நினைவூட்டினார். எந்தப் பங்கு தனக்கு மிஞ்சும் என்று தெரியாதபோது வைக்கிறவர் கை தானாக நேராகும். அண்ணன் வெகுநேரம் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் முறை வைத்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது, அதனால் இரண்டிரண்டு நாள். முறை மாறுவது மாலை ஆறு மணிக்கு, அப்போதுதான் ராத்திரி ஊறுவது மறுநாள் இறைக்கிறவருக்குச் சேரும். தூர் வாருவதும் மோட்டார் காயில் கட்டுவதும் சரிபாதி. மோட்டார் ரூமுக்கு இரண்டு சாவி. இதில் ஒரு வரிகூட எனக்குத் தோன்றியிருக்காது. தம்பி முதல் முறையை எடுத்துக்கொண்டார். பழைய ஆணைக்குப் பதிலாக இதைப் பதிவு செய்துகொண்டார்கள். அந்தக் கிணற்றைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னிடம் வரவில்லை.

இன்னொரு பிழையைத் திருத்த வழியில்லாமல் போயிற்று. வண்டிப்பாதைக்கு இழப்பீடு கேட்ட ஒருவர், தனி அமர்வில் என்னிடம் மனம் விட்டார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், நான்கு லட்சம் கிடைத்தாலும் ஒத்துக்கொள்வார், இது எனக்கு மட்டும். அடுத்த அறையில் நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு நான்கு என்றதும் "கேட்டுப் பார்க்கிறேன்" என்று சட்டென எழுந்துவிட்டேன். மூன்று சொன்னபோது அப்படி எழவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், என் முழங்காலைப் படித்துவிட்டார். நான்கிலேயே நின்றுகொண்டார்கள். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டார், என்னைப் பார்க்காமல் போனார். அன்றிலிருந்து தனி அமர்வு முடியும்போதெல்லாம் "இதில் எதை அந்த அறைக்கு எடுத்துப் போகலாம்?" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். எந்தத் தொகை காதில் விழுந்தாலும் அதே நிதானத்தில் எழுந்திருக்கப் பழகினேன். முகத்தைக் காப்பது எளிது, உடம்பைக் காப்பது கடினம்.

கோர்ட்டுக்கு நாங்கள் அனுப்பும் அறிக்கையில் சமரசம் ஆனதா இல்லையா என்பது மட்டும் இருக்கும். யாரால் முறிந்தது என்று எழுதக் கூடாது. குறிப்புகளை அன்றைக்கே கிழித்துவிடுவோம். ஐயா நாலாகக் கிழிப்பார். நான் எட்டாக.

முடிகிற வழக்கில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரு பாகப்பிரிவினையில் மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை. அண்ணன்மார் ஒப்புக்கொண்டாயிற்று, தங்கை விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாகப் பேச்சு. என்ன கேட்டாலும் "அண்ணன் சொன்னாச் சரிங்க" என்பார். அவருக்கு வக்காலத்து போட்டிருந்ததும் மூத்த அண்ணனின் வக்கீல்தான். நமது மாநிலத்தில் 1989-லேயே கல்யாணமாகாத பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் கல்யாணமானவர் ஆகாதவர் என்ற பேதத்தையும் எடுத்தது. சட்டம் சொல்லிக்கொடுப்பது மத்தியஸ்தர் வேலை அல்ல. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் ஒருவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் எங்கள் வேலை அல்ல. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அமர்வைத் தள்ளிவைத்து, வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் அவருக்கென்று ஒரு வக்கீல் வரும்படி செய்தேன். அண்ணன்மாருக்குக் கோபம். கூடிவந்ததைக் கலைக்கிறீர்கள் என்றார்கள்.

அடுத்த தனி அமர்வில் அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதுதான் தொழிலின் கடினமான பகுதி, நாக்கு தானாக ஒரு கேள்வியைத் தேடும். கையை மேசை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு சொன்னார்: "பங்கு கேட்டா பொறந்த ஊட்டுக் கதவு அடைச்சிருமுங்க." நிலம் வேண்டாம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கதவைப் பற்றித்தான் அத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். என் காதில் அது விழவில்லை.

அவர் அனுமதியோடு அதை மட்டும் அண்ணன்மாரிடம் எடுத்துப் போனேன். மேலும் மூன்று அமர்வு ஆனது. ரோட்டோரம் முப்பது சென்ட்டும், மீதிப் பங்குக்கு இரண்டு தவணையில் பணமும் என்று முடிந்தது. ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார், வருசா வருசம் மாரியம்மன் நோம்பிக்குத் தன்னை அழைக்க வேண்டும் என்று. இதையெல்லாம் கோர்ட் நிறைவேற்ற முடியாது என்றார் ஒரு வக்கீல். உண்மைதான்.

மூத்த அண்ணன், "அதையுமா எழுதோணும்?" என்றார்.

"எழுதிக்குங்க அண்ணா" என்றார் தங்கை.

டைப்பிஸ்ட் என்னைப் பார்த்தார். ஒன்பதாவது ஷரத்தாகப் போடச் சொன்னேன். மூத்தவர் கண்ணாடியை மாட்டி ஒருமுறை படித்துவிட்டு, "வெறும் அழைக்கிறதுன்னு போட்டா எப்படிங்க, சீரோட அழைக்கிறதுன்னு போடுங்க" என்றார்.